மலர்க் கண்காட்சியா, நர்சரியா, பக்கத்துத் தோட்டமா? யோசனையும் செடியும் தேடிக் கிளம்புபவர்களுக்கு

தோட்டத்தில் ஒரு மூலை வெறுமையாகக் கிடக்கிறது, இல்லையென்றால் இருப்பதையே பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது, புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. கையில் இருப்பதோ ஒரு விடுமுறை நாள். அந்த நாளை மலர்க் கண்காட்சிக்குக் கொடுப்பதா, நல்ல நர்சரி ஒன்றில் செலவழிப்பதா, தாவரவியல் பூங்காவில் நடந்துவிட்டு வருவதா, அல்லது தெரிந்தவர் ஒருவருடைய தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு மற்றதை இணையத்தில் வரவழைத்துக்கொள்வதா? இவை எல்லாவற்றையும் பல வருடங்களாக மாறி மாறிச் செய்து பார்த்திருக்கிறேன். என் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். யோசனை தேடிப் போவது வேறு, செடி வாங்கப் போவது வேறு. இரண்டையும் ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று கிளம்பும்போதுதான் பணமும் போகிறது, செடியும் சாகிறது. என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: யோசனைக்குக் கண்காட்சியை மிஞ்ச எதுவும் இல்லை. செடிக்கு நர்சரிதான், சில விதிவிலக்குகள் உண்டு. அந்த விதிவிலக்குகள் முக்கியமானவை, அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கண்காட்சியில் நிற்பது எப்படிப்பட்ட செடி

சில வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில் ஆறு தொட்டிச் சாமந்தி வாங்கினேன். ஒரு சாண் உயரம், பந்து மாதிரி உருண்டை, இலையே தெரியாத அளவுக்குப் பூ. நடைபாதை ஓரத்தில் வரிசையாக வைத்தேன், அந்தப் பருவம் முழுக்க அழகாகவே இருந்தது. பூ ஓய்ந்ததும் வெட்டிவிட்டேன். மறுபடி துளிர்த்துக் கிளம்பியபோது அதே செடிகள் முழங்காலைத் தாண்டி வளர்ந்து, பாதையின் மேல் சாய்ந்து, பின்னால் இருந்த சின்னச் செடிகள் எல்லாவற்றையும் மறைத்தன. உரம் அதிகமாகிவிட்டதோ என்று உரத்தைக் குறைத்தேன். பூதான் குறைந்தது, உயரம் குறையவில்லை. ரொம்ப வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அந்த ஓரத்தை மனதில் வைத்துத்தான் பின்வரிசை முழுவதையும் நட்டிருந்தேன்.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தொட்டிச் சாமந்தியை விற்பனைக்கு வளர்ப்பவர்கள் டாமினோசைடு, பேக்லோபியூட்ரசால் போன்ற வளர்ச்சி ஒடுக்கிகளைக் கொடுத்துத் தண்டை நீளவிடாமல் வைத்திருப்பார்கள். மருந்தின் வேகம் தீர்ந்ததும் செடி தன் சொந்த உயரத்துக்குப் போய்விடும். பூக்கும் காலமும் அப்படித்தான். சாமந்திக்கு நீண்ட இரவு வேண்டும், அப்போதுதான் மொட்டு வைக்கும். பகலின் நீளத்துக்கும் பூப்பதற்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு என்பதை கார்னர், அல்லார்டு என்ற இரண்டு பேர் 1920-இல் எழுதினார்கள். அதை வைத்துத்தான் இன்றைக்கும் வளர்ப்பவர்கள் சாயங்காலமே கறுப்புத் துணியால் மூடி இரவை நீட்டுகிறார்கள், வேண்டாதபோது ராத்திரியில் விளக்குப் போட்டு இரவை உடைக்கிறார்கள். பாயின்செட்டியாவும் இதே ரகம். ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் என்றால் சில வாரம் குளிர்ச்சியில் வைத்துப் பூத்தண்டு கிளப்புவார்கள். இதில் மோசடி ஒன்றும் இல்லை, தொழில் அது. ஆனால் நீங்கள் பார்ப்பது அந்தச் செடியின் வாழ்க்கையில் மிகச் சிறந்த ஒரு வாரத்தை என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய கண்காட்சிகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். லண்டனில் செல்சி மலர்க் கண்காட்சி 1913-இலிருந்து நடக்கிறது. அங்கே ஏறத்தாழ மூன்று வாரத்தில் வெறும் புல்தரையின் மேல் முழுத் தோட்டங்களையே கட்டி எழுப்புகிறார்கள். ஐந்து நாள் காட்சி. முடிந்ததும் பிரித்துவிடுகிறார்கள். அந்த ஐந்து நாளுக்காக முந்திப் பூக்க வேண்டியதைக் குளிரில் வைத்துத் தாமதப்படுத்துவார்கள், பிந்திப் பூக்க வேண்டியதைக் கண்ணாடி வீட்டுச் சூட்டில் அவசரப்படுத்துவார்கள். பல செடிகள் தொட்டியோடேயே மண்ணுக்குள் புதைந்து நிற்கும், இடைவெளி தெரியாமல் நெருக்கி வைத்திருப்பார்கள். ஐந்து நாளுக்கு அது தாங்கும். வீட்டில் அதே நெருக்கத்தில் நட்டால் காற்றோட்டம் இல்லாமல் சாம்பல் நோய் வரும், ஒன்றை ஒன்று அமுக்கும். அதே மாதிரி, அங்கே ஊதாவும் மஞ்சளும் பக்கத்தில் பக்கத்தில் பூத்து நிற்பதைப் பார்த்து மயங்கி இரண்டையும் வாங்கி வந்தால், வீட்டில் ஒன்று முடிந்த பிறகு இன்னொன்று தொடங்கலாம், இரண்டும் சந்திக்காமலே போகலாம். அதனால் ஒரு ஜோடி பிடித்திருந்தால் நிற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வெளியில், மண்ணில், இந்த இரண்டும் எந்த மாதத்தில் பூக்கும்?

அப்படியானால் எதற்குப் போக வேண்டும்

இவ்வளவு சொன்ன பிறகும் யோசனைக்குக் கண்காட்சிதான் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பூவை விட்டுவிட்டுப் பாருங்கள். சின்ன இடத்தைப் பெரியதாகக் காட்ட என்ன செய்திருக்கிறார்கள், நடைபாதையை எங்கே வளைத்திருக்கிறார்கள், வளைவுக்குப் பின்னால் எதை ஒளித்து வைத்திருக்கிறார்கள், உட்காரும் இடம் எதைப் பார்த்தபடி இருக்கிறது, தரையில் இரண்டு படி உயர்த்தினால் கண்ணுக்கு என்ன ஆகிறது, தண்ணீர்த் தொட்டி ஓர் அடி ஆழமே இருந்தாலும் வானத்தை எப்படிக் கீழே கொண்டுவருகிறது — இதெல்லாம் ஐந்து நாளில் வாடாது. இவற்றை வீட்டுக்குக் கொண்டுவரலாம், எந்தத் தட்பவெப்பத்திலும் செல்லும். நர்சரியில் செடிகள் வரிசையாகத்தான் நிற்கும், அங்கே ஒரு யோசனையும் பிறக்காது. தாவரவியல் பூங்காக்கள் பரப்பில் பெரியவை, அங்கே பார்த்ததை நாலு தொட்டி இடத்துக்குச் சுருக்குவது கஷ்டம். கண்காட்சித் தோட்டங்கள் பெரும்பாலும் ஒரு வீட்டு முற்றத்தின் அளவுதான், அதுவே பெரிய வசதி.

பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. நான் இப்போது செய்வது இது: ஒவ்வொரு காட்சித் தோட்டத்தையும் கைபேசியில் வண்ணத்தில் ஒன்று, கறுப்பு வெள்ளையில் ஒன்று என்று இரண்டு படம் எடுக்கிறேன். வண்ணப் படத்தில் எல்லாமே நன்றாக இருக்கும். கறுப்பு வெள்ளையில் பார்த்தால்தான் எந்தத் தோட்டம் பூவை மட்டுமே நம்பி நிற்கிறது, எதில் இலையின் அகலமும் மெலிவும், கருமையும் வெளுப்பும் சேர்ந்து ஒரு கட்டுமானம் இருக்கிறது என்பது தெரியும். கறுப்பு வெள்ளையில் வெறும் சாம்பல் திட்டாகத் தெரிந்தால் அந்தத் தோட்டம் பூ முடிந்த மறுநாளே சோர்ந்துவிடும். வருடத்தில் முக்கால்வாசி நாள் நம் தோட்டத்தில் நாம் பார்ப்பது இலையைத்தான், அதனால் எனக்கு இது பெரிய சோதனை. அப்புறம் படத்தில் அளவு தெரியாது, ஒரு கையையோ காலணியையோ ஓரத்தில் சேர்த்து எடுங்கள். பாதை பிடித்திருந்தால் அடி வைத்து அகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் சேர்ந்து நடக்கக் கிட்டத்தட்ட 120 செ.மீ. வேண்டும், வீட்டில் பாதை போடும்போது பலரும் இதில் பாதிதான் விடுகிறார்கள், செடி இரண்டு பக்கமும் வளர்ந்ததும் ஒருவர் நடக்கவே இடம் இருக்காது.

ஒரு நல்ல யோசனை எப்படிச் சுருங்கி நம் அளவுக்கு வரும் என்பதற்கு நெதர்லாந்தின் கியூக்கன்ஹோஃப் நல்ல உதாரணம். 1950-இல் பொதுமக்களுக்குத் திறந்த இடம், 32 ஹெக்டேர், ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 70 லட்சம் கிழங்குகளைக் கையாலேயே நடுகிறார்கள், வசந்தத்தில் எட்டு வாரம் திறந்திருக்கும். எட்டு வாரமும் ஒரே பாத்தி எப்படிப் பூத்துக்கொண்டே இருக்கிறது? கிழங்குகளை அடுக்கடுக்காக நடுகிறார்கள். பிந்திப் பூக்கும் பெரிய கிழங்கு அடியில், அதற்கு மேல் நடுக்காலத்துக்கானது, மேலே முந்திப் பூக்கும் சின்னது. மேலே இருப்பது முடியும்போது கீழே இருப்பது அதைத் தாண்டி மேலே வரும். இதைப் பார்த்துவிட்டு வந்தால் 30 செ.மீ. தொட்டியில் அப்படியே செய்யலாம், ட்யூலிப் வராத வெப்பமான இடத்தில் இருப்பவர்கள் மழைலில்லியையும் வேறு கிழங்குகளையும் வைத்து இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். செடியை விட்டுவிட்டு முறையை மட்டும் எடுத்து வருவது என்று நான் சொல்வது இதைத்தான்.

எடுத்து வரக்கூடாத யோசனையும் உண்டு. சுவர் முழுக்கச் செடி வளர்க்கும் பச்சைச் சுவர் அதில் முதலாவது. பாரிஸில் பாட்ரிக் பிளாங்க் என்ற தாவரவியலாளர் செய்தவற்றைப் படத்தில் பார்க்காத தோட்டக்காரர் இருக்கமாட்டார். கண்காட்சிகளிலும் இப்போது ஒரு சுவராவது இருக்கும். அதற்குப் பின்னால் இரும்புச் சட்டம், நீர் புகாத பலகை, இரண்டு அடுக்குக் கம்பளி, மேலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும் குழாய், அந்தத் தண்ணீரில் கலந்த சத்து, ஒரு பம்பு எல்லாம் இருக்கின்றன. மண்ணே இல்லாததால் வெயில் காலத்தில் பம்பு ஒரு நாள் நின்றாலே மேல்வரிசை கருக ஆரம்பித்துவிடும். சுவரை மறைக்கத்தான் ஆசை என்றால் தரையில் ஒரு கொடி நட்டுக் கம்பி கட்டிவிட்டால் போதும், வேர் மண்ணில் இருக்கும், நீங்கள் வெளியூர் போகலாம்.

நர்சரி

கண்காட்சியில் கிடைக்காத ஒன்று நர்சரியில் கிடைக்கும்: நேரம். அவசரமே இல்லாமல் ஒரு செடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். இலையின் அடிப்பக்கம், இலைக்காம்பும் தண்டும் சேரும் இடுக்கு, அங்கேதான் மாவுப்பூச்சி பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும். செடியை லேசாக ஆட்டினால் வெள்ளை ஈ இருந்தால் பறக்கும். இலையில் மணல் தூவியது மாதிரி வெளுத்த புள்ளியும் அடியில் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் செம்பேன். தொட்டியைச் சாய்த்து, கேட்டுக்கொண்டு, செடியை வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக, மண்ணை முழுவதும் பிடித்தபடி, ஆனால் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றிக் கயிறு மாதிரி இறுகாமல் இருந்தால் அதுதான் வேண்டும். பழுப்பாகி, தொட்டால் தோல் கழன்று வந்தால் வேண்டாம். இப்படிச் செய்ய விடாத நர்சரியில் நான் மரக்கன்று வாங்குவதில்லை, ஏனென்றால் சுற்றிய வேர் மரத்தில் பத்து வருடம் கழித்துக்கூடத் தொல்லை கொடுக்கும், அப்போது எதுவும் செய்ய முடியாது.

அடுத்தது, நர்சரிக்கு மறுபடி மறுபடி போகலாம். பூக்காத காலத்திலும் போகலாம், போக வேண்டும். ஒரே பருவத்தில் மட்டும் போனால் அந்தப் பருவத்தில் பூப்பவற்றையே வாங்குவோம், பிறகு தோட்டம் ஒரு மாதம் கொண்டாடிவிட்டுப் பதினொரு மாதம் சும்மா இருக்கும். நர்சரியிலேயே வெளியில், திறந்த வெயிலில், பல மாதம் நின்ற செடி நம் வெயிலுக்குப் பழகியது. கண்ணாடி வீட்டிலிருந்து நேராகக் காட்சிக் கூடாரத்துக்கு வந்ததைவிட அது அழகில் ஒரு மாற்றுக் குறைவாகத்தான் தெரியும். அதை எடுங்கள். மொட்டு வைத்த, பூக்காத, அடியிலிருந்தே கிளை விட்ட செடி பார்க்க எடுப்பாக இருக்காது, ஆனால் நட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும்.

குறை என்ன? விற்பதுதான் அங்கே இருக்கும். பத்து பேர் கேட்பதைத்தான் வைப்பார்கள். அரிய வகை வேண்டுமென்றால் மற்ற வழிதான்.

தாவரவியல் பூங்கா

மரமோ பெரிய புதரோ கொடியோ நடப் போகிறவர்கள் வேறு எங்கும் போகும் முன் இங்கே போக வேண்டும். கண்காட்சியில் எந்த மரமும் இளம் பிள்ளைதான். பூங்காவில் அது ஐம்பது வயதில் எவ்வளவு இடம் பிடிக்கிறது, வேர் பாதையை எப்படித் தூக்கியிருக்கிறது, அடியில் என்ன முளைக்க விடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். இத்தாலியின் பதுவா தாவரவியல் தோட்டம் 1545-இல் தொடங்கியது, அங்கே 1585-இல் நட்ட ஒரு குட்டைப் பனை இன்றும் நிற்கிறது. பெயரிலேயே குட்டை என்று இருந்தாலும் அதற்கென்று உயரமாக ஒரு கண்ணாடி வீடு கட்ட வேண்டியிருந்தது. அட்டையில் எழுதியிருக்கும் உயரத்தை நம்பி ஜன்னலுக்குக் கீழே மரம் வைப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு லாபம் பெயர்ப்பலகை. செடி வாங்குவதில் பாதித் தவறு பெயரில் நடக்கிறது. நைட் ஜாஸ்மின் என்று கேட்டால் ஒருவர் பவளமல்லியைக் கொடுப்பார், இன்னொருவர் இரவு ராணியைக் கொடுப்பார். முன்னது மல்லிகைக் குடும்பத்துச் சிறு மரம், ஆரஞ்சுக் காம்பு வைத்த பூவை விடியலில் உதிர்த்துவிடும். பின்னது தக்காளிக் குடும்பத்துப் புதர், மெல்லிய பச்சை வெள்ளைக் குழல் பூ, ராத்திரியில் தெரு முழுக்க வாசம், உள்ளே போனால் விஷம். பூங்காவில் பிடித்ததைப் பலகையோடு படம் எடுத்து, அதில் இருக்கும் லத்தீன் பெயரை நர்சரியில் காட்டுங்கள். பேச்சு வளராது.

தெரிந்தவர் தோட்டம்

இதற்குச் செலவில்லை, ஆனால் பலரும் கடைசியில் யோசிப்பதும் இதைத்தான். உங்கள் மண், உங்கள் தண்ணீர், உங்கள் காற்று, உங்கள் பூச்சி எல்லாம் அங்கேயும் இருக்கின்றன. அங்கே ஒரு செடி ஐந்து வருடமாக நன்றாக இருக்கிறது என்றால் அதைவிடப் பெரிய சான்று எந்தப் பரிசுச் சீட்டிலும் இல்லை. எது செத்தது என்றும் அவர் சொல்வார், அதை எந்தக் கடையும் சொல்லாது. குச்சியோ பதியனோ கொடுப்பார். ஒரே எச்சரிக்கை, கேட்காமலே கை நிறையப் பிடுங்கிக் கொடுக்கும் செடி இருக்கிறதே, அது அவருக்கு ஏன் அவ்வளவு மிஞ்சிப்போனது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடியில் வேர் ஓட்டிப் பரவுகிற ரகமாக இருந்தால் தொட்டியில் மட்டும் வையுங்கள். எனக்கு அப்படி வந்த ஒன்றை இரண்டு வருடமாக இன்னும் பாத்தியிலிருந்து தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

இணையம்

விதைக்கும் கிழங்குக்கும் நல்லது. செடிக்கு, வேறு வழியே இல்லாதபோது மட்டும். ஐந்து நாள் இருட்டுப் பெட்டியில் கிடந்து வருவதை எந்தச் செடியும் விரும்பாது. படங்களை நம்பவே வேண்டாம். நீல ரோஜா விதை என்று இன்னும் விற்கிறார்கள். ரோஜாவில் டெல்ஃபினிடின் என்ற நீல நிறமி கிடையாது, சன்டோரி நிறுவனம் பான்சி மலரின் மரபணுவைச் சேர்த்துப் பல வருடம் பாடுபட்டு 2009-இல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த ரோஜாவே இளம் ஊதாதான். ஒரு பொட்டலத்தில் ஆகாய நீலம் வராது.

புதிய வகை என்ற மயக்கம்

கண்காட்சிக்கு மக்களை இழுப்பது இதுதான், என்னையும் சேர்த்து. புதிய நிறம், புதிய வடிவம், இலையில் வெள்ளைக் கோடு. சொல்ல வேண்டியது என்னவென்றால், கண்காட்சியில் வாங்கும் பரிசும் தோட்டத்தில் நிரூபித்ததற்கான பரிசும் ஒன்றல்ல. செல்சியில் 2010-இலிருந்து வருடத்தின் சிறந்த செடி என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அது புதுமைக்கான கௌரவம். செல்சியை நடத்தும் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 1922-இலிருந்து தோட்டச் சிறப்பு விருது என்று இன்னொன்று தருகிறது, அதற்குச் செடி சாதாரணத் தோட்டத்தில் நன்றாக வளர வேண்டும், நோயைத் தாங்க வேண்டும், தன் குணம் மாறாமல் இருக்க வேண்டும். வட அமெரிக்காவில் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் என்ற அமைப்பு 1932-இலிருந்து பல இடங்களில் புதிய வகைகளைப் பழையவற்றோடு சேர்த்து வளர்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. அட்டையில் விருது என்று இருந்தால் இரண்டில் எந்த ரகம் என்று பாருங்கள். முதல் ரகம் என்றால் இரண்டு வருடம் பொறுங்கள், நல்லதாக இருந்தால் நர்சரிக்கே வந்துவிடும்.

வாங்கிவிட்டால் தெரிந்திருக்க வேண்டியவை: கோடு போட்ட இலைச் செடி சில நேரம் முழுப் பச்சைக் கிளையை விடும், பச்சையம் அதிகம் என்பதால் அதுதான் வேகமாக வளரும், கண்டதும் அடியோடு நறுக்காவிட்டால் செடி முழுவதும் பச்சையாகிவிடும். எஃப்1 என்கிற முதல் தலைமுறைக் கலப்பின விதையில் வந்த பூவிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அதே பூ வராது. ஒட்டு ரோஜாவில் ஒட்டுக்குக் கீழிருந்து வரும் தளிரை விட்டுவைத்தால் வேர்ச்செடி மேலே வந்து வாங்கிய ரோஜாவைத் தின்றுவிடும்.

கண்காட்சியிலேயே வாங்கலாம் என்கிற நேரங்கள்

இப்போது விதிவிலக்குகள். ஒரே குடும்பத்துச் செடியை மட்டும் வருடக்கணக்கில் வளர்க்கும் ஆட்கள் கடை போட்டிருப்பார்கள். டாலியா மட்டும், ஆர்க்கிட் மட்டும், பெரணி மட்டும். அவர்களிடம் வாங்குங்கள், தயங்கவே வேண்டாம். நர்சரிக்கு வராத வகை அவர்களிடம் இருக்கும், அதைவிட, வளர்த்தவரே எதிரில் நிற்கிறார். ஐந்து செ.மீ. பொத்தான் டாலியாவிலிருந்து 25 செ.மீ. தாண்டும் தட்டு டாலியா வரை ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை வேறு எங்கே பார்க்க முடியும்? படத்தில் எல்லாம் ஒரே அளவு. நேரில் பார்த்தால் அந்தப் பெரிய பூவுக்கு எவ்வளவு கனமான கொம்பு நட்டிருக்கிறார்கள் என்பதும் கண்ணில் படும், அப்போது முடிவு தானாக வரும். வாசனையும் அப்படித்தான், முகர்ந்துதான் வாங்க வேண்டும். இந்த விஷயத்தில் சங்கங்கள் நடத்தும் சின்னக் கண்காட்சிகள் பெரியவற்றைவிட மேல் என்பது என் கருத்து. அலங்காரம் குறைவு, பேச்சு அதிகம், அதோடு நிற்பவர்கள் தங்கள் கொல்லையில் வளர்த்ததையே கொண்டுவந்திருப்பார்கள்.

கிழங்கு, விதை, சிறு தொட்டியில் இளஞ்செடி, இந்த மூன்றும் கூட்டத்தில் தூக்கி அலையவும் வண்டிச் சூட்டைத் தாங்கவும் கூடியவை. பெரிய பூத்த தொட்டியைத் தொடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு வாரம் மற்ற செடிகளை விட்டுத் தள்ளி வையுங்கள், பூச்சி இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். ஒரேயடியாக வெயிலில் வைக்க வேண்டாம், ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரம் என்று ஏழிலிருந்து பத்து நாளில் பழக்குங்கள். கோகோபீட்டிலோ (தேங்காய் நார்த்தூள்) பீட்டிலோ (சதுப்பு நிலத்து மட்கு) வளர்ந்த செடி மேலே ஈரமாகத் தெரிந்தாலும் நடுவில் காய்ந்திருக்கும், முழுக்கக் காய்ந்த பீட் தண்ணீரை ஏற்காது, தொட்டியோடு அரை மணி நேரம் வாளியில் முக்கி வைத்தால்தான் குடிக்கும்.

எந்த நாளில் போவது என்பதும் ஒரு தேர்வுதான். முதல் நாள் பூ புத்தம் புதிது, கூட்டமும் அப்படியே, வளர்ப்பவர் உங்களோடு பேச முடியாது. கடைசி நாள் பல இடங்களில் காட்சிச் செடிகளையே விற்றுவிடுவார்கள், செல்சியில் அன்று மாலை நான்கு மணிக்கு மணி அடித்து விற்பனை தொடங்கும். பல்லாண்டுச் செடியாக இருந்தால் அது நல்ல வாங்கல்: வெட்டிவிட்டுத் தண்ணீர் கொடுத்தால் மறுபடி கிளம்பும். ஒரு பருவச் செடியாக இருந்தால் அதன் ஆயுள் அந்தக் கூடாரத்திலேயே முடிந்துவிட்டது. நான் போவது இரண்டாம் நாள், வாரநாளாகப் பார்த்து, கதவு திறந்ததும். பூவும் இருக்கும், ஆளும் பேசுவார்.

யாருக்கு எது என்று கேட்டால்: முதல்முறை தோட்டம் போடுபவர் தெரிந்தவர் தோட்டத்துக்குப் போகட்டும், அப்புறம் நர்சரிக்கு. இருக்கும் தோட்டத்தைக் கலைத்து மறுபடி அமைப்பவர் வெறுங்கையோடு பெரிய கண்காட்சிக்குப் போய் நோட்டு நிறைய எழுதி வரட்டும். மரம் வைப்பவருக்குப் பூங்கா. ஒரு வகைச் செடியில் மனசைப் பறிகொடுத்தவருக்குச் சங்கத்துக் கண்காட்சி.

இந்த வருடம் எனக்கு வடக்குச் சுவரோரம் நிழலில் மூன்று மீட்டர் இடம் காலியாக இருக்கிறது. அதன் நீள அகலத்தையும், எந்த மணியிலிருந்து எந்த மணி வரை வெயில் விழுகிறது என்பதையும் ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். கண்காட்சியில் பெரணி வளர்ப்பவர் ஒருவர் வருகிறார், அந்த அட்டையை அவரிடம் நீட்டி, இந்த இடம் உங்களுடையதாக இருந்தால் என்ன வைப்பீர்கள் என்று கேட்கப் போகிறேன். சாமந்தி வரிசைப் பக்கம் அதன் பிறகு போய்ப் பார்ப்பேன், ரொம்பப் பிடிக்கும் என்பதால்.